கோட்டை கோட்டையா பாத்துக்கிட்டே ஆறு நாள் சைக்கிள்: லுவார் ரூட்ல எது சரியா வந்துச்சு, எது சொதப்புச்சு

போன செப்டம்பர்ல நானும் அண்ணனும் பிரான்ஸ்ல லுவார் ஆத்தை ஒட்டி புளுவா ஊர்லேர்ந்து சோமூர் வரைக்கும் சைக்கிள்ல போனோம், ஆறு நாள், கிட்டத்தட்ட 260 கி.மீ. திரும்பி வந்ததுக்கு அப்புறமும் ஒரு விஷயம் மண்டைய குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மேப்ல பாத்தா நாலாவது நாள்தான் இருக்கறதுலயே சமதளம், ஏத்தம்னு சொல்றதுக்கே ஒண்ணும் கிடையாது, தூரமும் 50 கி.மீ கூட இல்ல. ஆனா அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் நொந்து நூலாகி ரூமுக்கு வந்து சேந்தோம். அதுக்கு மறுநாள் காட்டு ஓரமா மேடும் பள்ளமுமா போன ரோடு, அதுதான் ஆறு நாள்லயே சுகமான நாள். இது ஏன் இப்படி ஆச்சுன்னு உக்காந்து யோசிச்சு, அண்ணன் எழுதி வச்ச நோட்டையும் என் போன்ல பதிவான ரூட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து எழுதறேன். பெரிய மலை எல்லாம் வேணாம், ஊரு, கோட்டை, திராட்சைத் தோட்டம் பாத்துக்கிட்டே ஓட்டணும்னு நினைக்கறவங்களுக்கு இது உபயோகப்படும்.

முதல்ல சைக்கிள பத்தி சொல்லிடறேன், ஏன்னா கதையில பாதி அதுலதான் இருக்கு. என்னோடது ரோடு பைக், 25 மி.மீ டயர், சாமான் எல்லாம் சீட்டுக்கு பின்னாடி ஒரு பையில. அண்ணனோடது கேரியர், மட்கார்டு எல்லாம் வச்ச டூரிங் சைக்கிள், 35 மி.மீ டயர், ரெண்டு பக்கமும் பை. அவருக்கு வயசு 54, இடது முட்டி அப்பப்போ மக்கர் பண்ணும். ஆக ஒரே ரூட்டுல ஒரே நாள்ல ரெண்டு விதமான சைக்கிள் போயிருக்கு, ஒப்பிட்டு பாக்கறதுக்கு இதை விட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

நாங்க போனது லுவார் ஆ வெலோன்னு சொல்ற ரூட்டோட நடு துண்டு. முழு ரூட்டு சுமார் 900 கி.மீ, உள்நாட்டுல குஃபின்ற ஊர்லேர்ந்து அட்லாண்டிக் கடலோரம் சேன்-ப்ரெவேன் வரைக்கும். அதுல பெரும்பகுதி யூரோவெலோ 6ன்ற நீண்ட தடத்தோட ஒரு அங்கம், அந்த தடம் அட்லாண்டிக்ல ஆரம்பிச்சு கருங்கடல் வரைக்கும் போகுது. சுள்ளி-சுர்-லுவார்லேர்ந்து ஷாலோன் வரைக்கும் உள்ள பள்ளத்தாக்கை 2000த்துல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க, நாங்க போன தூரத்துல பெரும்பகுதி அதுக்குள்ளதான் வருது. ஊருக்கு ஊரு போர்டு இருக்கு, வழி தப்பறது கஷ்டம். அக்கேய் வெலோன்னு ஒரு அடையாள பலகை தொங்கற லாட்ஜ், கேம்ப்சைட் எல்லாம் ரூட்டுலேர்ந்து 5 கி.மீக்குள்ளதான் இருக்கணும்னு விதி, பூட்டி வைக்க இடம், பஞ்சர் ஒட்ட சாமான், தெம்பான காலை சாப்பாடு எல்லாம் அங்க கிடைக்கும். ராத்திரி சைக்கிள எங்க விடறதுன்ற கவலை ஆறு நாளும் எங்களுக்கு வரவே இல்ல, அதுக்கு இந்த ஏற்பாடுதான் காரணம், இதை யோசிச்சு பண்ணவங்களுக்கு மனசார நன்றி.

ஆனா திட்டம் போடறப்போ நாங்க பண்ண முதல் தப்பு, கோட்டை எல்லாம் லுவார் கரையிலயே வரிசையா நிக்கும்னு நினைச்சதுதான். உண்மை என்னன்னா பேர் போன கோட்டையில பாதிக்கு மேல கிளை ஆத்துல இருக்கு. ஷெனோன்சோ ஷேர் ஆத்து மேல நிக்குது, அஸே-லெ-ரிதோ ஆந்த்ர் ஆத்துல, ஷினோன் வியென் ஆத்துல, ஷாம்போர் கோசோன்னு ஒரு சின்ன ஓடைக்கரையில காட்டுக்குள்ள. லுவார் அப்பப்போ வெள்ளம் வர்ற ஆறு, அழகுக்காக வீடு கட்டற பணக்காரன் கொஞ்சம் தள்ளி அமைதியா ஓடற தண்ணிய தேடி போனதுல ஆச்சரியம் இல்ல. அதனால சைக்கிள்காரனுக்கு தினமும் ஒரு கேள்வி வருது, ஆத்தோடயே போறதா, இல்ல குறுக்க வெட்டி அடுத்த ஆத்துக்கு போறதா. ரெண்டு ஆத்துக்கும் நடுவுல ஒரு மேடு இருக்கும், பெரிசா இல்ல, அம்பது அறுபது மீட்டர் ஏறும், மேல திராட்சையோ காடோ இருக்கும், அப்புறம் இறங்கும். இதை ‘ஏத்தம்’னு பயந்து நாங்க முடிஞ்ச வரைக்கும் ஆத்தோடயே போற மாதிரி திட்டம் போட்டோம். அதுதான் பின்னாடி வினையா வந்துச்சு.

முதல் நாள் புளுவாவுல தங்கி ஒரு சுத்து, ஷாம்போர் போயி ஷெவெர்னி வழியா திரும்பி வர்றது, 55 கி.மீ கிட்ட. புளுவாவ சுத்தி சந்திப்புக்கு சந்திப்பு நம்பர் போட்ட சைக்கிள் பாதை வலை மாதிரி இருக்கு, நம்பர மட்டும் துண்டு சீட்டுல எழுதி வச்சுக்கிட்டா போதும், போன பாக்கவே வேணாம். காலையில சேன்-தியே ஊர் வழியா போனோம். சின்ன ஊரு, பழைய படித்துறை, ஷாம்போர் கட்டறப்போ கல்லெல்லாம் படகுல வந்து இங்கதான் இறங்குச்சு. அங்கேர்ந்து காட்டுக்குள்ள நுழையறப்போ ஒரு மதில் சுவர் வரும், 32 கி.மீ நீளத்துக்கு அந்த காட்டையே சுத்தி ஓடுது, உள்ள 5,440 ஹெக்டேர், கிட்டத்தட்ட பாரிஸ் நகரம் அளவு. சுவரைத் தாண்டி நேர் ரோடு, ரெண்டு பக்கமும் ஓக் மரம், கொஞ்ச தூரம் போனதும் எதிர்ல வெள்ளையா புகைபோக்கியும் கோபுரமுமா அந்த கட்டடம் எழும்பி வருது பாருங்க, பஸ்ல வந்து பார்க்கிங்ல இறங்கறவங்களுக்கு இந்த காட்சி கிடைக்காது, மெதுவா மிதிச்சு வர்றவனுக்கு மட்டும்தான். முதலாம் ஃப்ரான்சுவா ராஜா 1519ல ஆரம்பிச்சது. இவ்ளோ பெரிசா கட்டிட்டு அவர் அங்க தங்குனது மொத்தமா சில வாரம்தான். உள்ள ரெட்டை சுருள் படிக்கட்டு இருக்கு, ஒருத்தர் ஏற இன்னொருத்தர் இறங்கலாம், நடுவுல ஜன்னல் வழியா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலாம் ஆனா சந்திக்க மாட்டாங்க. அண்ணன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ஏறிப் பாத்தோம், மேல போயி சேர்றப்போ அவர் முகத்துல இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

அன்னிக்கு கத்துக்கிட்டது ஒண்ணு. கோட்டைக்குள்ள மூணு மணி நேரம் நடந்தா அது சைக்கிள் மிதிச்சத விட கால கொல்லுது, அதுவும் அடியில கிளீட் (பெடல்ல மாட்டிக்கற கட்டை) மாட்டுன ஷூ போட்டுக்கிட்டு கல்லு தரையில. ஷெவெர்னிக்கு சாயங்காலம் போனப்போ உள்ள போக தெம்பே இல்ல, வெளியில நின்னு வேட்டை நாய்ங்க இருக்கற கொட்டில மட்டும் பாத்துட்டு கிளம்பிட்டோம். அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரு கோட்டைதான் உள்ள போய் பாக்கறதுன்னு முடிவு பண்ணோம், பையில ஒரு ஜோடி லேசான செருப்பும் வந்துச்சு.

ரெண்டாவது நாள் புளுவாலேர்ந்து அம்புவாஸ், 40 கி.மீ சொச்சம், தென்கரையில. இங்கதான் டயர் விஷயம். ராத்திரி மழை பெஞ்சிருந்துச்சு. ரூட்டு போர்டு காட்டற பாதை எல்லா இடத்துலயும் தார் ரோடு கிடையாது, சில துண்டு கெட்டிப்படுத்துன சுண்ணாம்பு மண், காஞ்சு இருந்தா 25 மி.மீ டயரும் போகும், நனைஞ்சா மஞ்சளா சேறு ஆகி பிரேக்குக்கும் டயருக்கும் நடுவுல அப்பிக்குது. ஷோமோன் போறதுக்குள்ள எனக்கு ரெண்டு பஞ்சர், ரெண்டுமே கூர்மையான சின்ன கல்லு. அண்ணன் வண்டிக்கு ஒண்ணுமே ஆகல. ரெண்டாவது பஞ்சர் ஒட்டறப்போ அவர் மேப்ப விரிச்சு வச்சுக்கிட்டு “தம்பி, போர்டு காட்டுற வழி எல்லாருக்கும் பொதுவா போட்டது, குழந்தை குட்டியோட வர்றவங்கள மனசுல வச்சு போட்டிருக்கான், உன் வண்டிக்கு நீதான் வழி பாக்கணும்”னாரு. அதுலேர்ந்து மண் பாதை வர்ற இடத்துல எல்லாம் நான் பக்கத்துல இருக்கற டி நம்பர் போட்ட மாவட்ட ரோட்டுல போயி அடுத்த ஊர்ல சேந்துக்கறதுன்னு வச்சுக்கிட்டோம்.

இந்த டி ரோடு எல்லாம் ஒரே மாதிரின்னு நினைச்சுடாதீங்க. வடகரையில புளுவாலேர்ந்து தூர்ன்ற ஊருக்கு போற டி952 லாரி, கார்னு பறக்கற ரோடு, கரை மேல ஒதுங்க இடமும் குறைவு, அதுல நான் போக சொல்ல மாட்டேன். தென்கரையில டி751 பரவால்ல, காலையில அமைதியா இருக்கும். ரெண்டு இலக்கம், மூணு இலக்கம்னு நம்பர பாத்து முடிவு பண்ணவும் முடியாது, பேப்பர் மேப்ல மஞ்சள் கலர்ல போட்ட ரோடு கொஞ்சம் பரபரப்பு, வெள்ளையில போட்டது ஊருக்கு ஊரு போற சின்ன ரோடு, எங்க அனுபவத்துல வெள்ளை ரோடு ஒரு தடவை கூட ஏமாத்தல. பிரான்ஸ்ல கார்காரங்க ஊருக்கு வெளிய சைக்கிள தாண்டறப்போ ஒண்ணரை மீட்டர், ஊருக்குள்ள ஒரு மீட்டர் இடம் விடணும்னு சட்டம், பெரும்பாலும் விடறாங்க. ஆனா ஊருக்குள்ள நுழைஞ்சா வலது பக்கமிருந்து வர்ற வண்டிக்குத்தான் முன்னுரிமைன்ற விதி பல இடத்துல உண்டு, சின்ன சந்துலேர்ந்து கூட டக்குனு வருவாங்க, நம்ம மேல தப்பு ஆயிடும், அதை மறக்கவே கூடாது.

ஷோமோன் கோட்டை மேட்டு மேல இருக்கு, 1992லேர்ந்து வருஷா வருஷம் அங்க தோட்ட விழா நடக்குது. பிரான்ஸ் ராஜா இரண்டாம் ஆன்ரி செத்ததும் அவரோட மனைவி காத்ரீன் தெ மெதிசி, ராஜாவோட காதலி தியானாகிட்டேர்ந்து ஷெனோன்சோவ வாங்கிக்கிட்டு பதிலுக்கு இந்த ஷோமோன குடுத்தாங்க. ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பாத்தவன்ற முறையில சொல்றேன், தியானாவுக்கு அது எவ்ளோ பெரிய இழப்புன்னு ஷெனோன்சோ வாசல்ல நின்னாத்தான் புரியும்.

அம்புவாஸ்ல சாயங்காலம் லியோனார்தோ தாவின்சி கடைசியா வாழ்ந்த க்ளோ லூசே வீட்டையும், கோட்டை சுவர் மேல அவர் கல்லறை இருக்கற சின்ன ஆலயத்தையும் பாத்தோம், செத்தது 1519, ஷாம்போர் ஆரம்பிச்ச அதே வருஷம். அந்த ரெட்டைப் படிக்கட்டுல அவர் யோசனை இருக்கலாம்னு பலர் நினைக்கறாங்க, உறுதியா காட்ட கைல பத்திரம் ஒண்ணும் இல்ல. இதே கோட்டையிலதான் எட்டாம் ஷார்ல் ராஜா 1498ல நிலைப்படியில தலை இடிச்சு செத்துப்போனாரு.

மூணாவது நாள் அம்புவாஸ் காட்டு வழியா மேடு ஏறி ஷெனோன்சோ, அங்கேர்ந்து ப்ளேரே வழியா ஷேர் ஆத்தை ஒட்டி தூர். காட்டுக்குள்ள ஏத்தம் இருந்துச்சு, ஆனா யாருக்கும் மூச்சு வாங்கல, இதை அப்போ கவனிக்காம விட்டுட்டோம். ஷெனோன்சோவுல ஆத்துக்கு குறுக்க பாலம் போட்டு பாலத்து மேல நீளமா ஒரு கூடம் கட்டியிருக்காங்க. முதல் உலகப்போர் சமயத்துல அந்த கூடம் ஆஸ்பத்திரி, வரிசையா கட்டில் போட்டு காயம்பட்ட சிப்பாய்ங்கள வச்சிருந்தாங்க. ரெண்டாவது உலகப்போர்ல ஷேர் ஆறே எல்லைக்கோடு, இந்த பக்கம் ஜெர்மன்காரன் பிடிச்ச பகுதி, அந்த பக்கம் பிடிக்காத பகுதி, கூடத்தோட தென்பக்க கதவு வழியா ஆட்கள் தப்பிச்சு போயிருக்காங்க. நான் அந்த கதவுல நின்னு அந்தாண்ட கரைய கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தேன். அரண்மனை அழகு எல்லாம் அப்புறம் மறந்து போகும், அந்த கதவு மறக்காது.

நாலாவது நாளுக்கு வர்றேன். தூர்லேர்ந்து காலையில சவோன்னியேர் வழியா வில்லாண்ட்ரி, 20 கி.மீ, அருமையான ஓட்டம். வில்லாண்ட்ரி தோட்டம் 1906ல கோட்டைய வாங்குன ஸ்பெயின்காரர் ஒருத்தரும் அவரோட அமெரிக்க மனைவியும் மறுபடி உயிர் குடுத்து எழுப்புனது, காய்கறித் தோட்டமே ஒன்பது சதுரமா கோலம் போட்ட மாதிரி இருக்கும், முட்டைகோஸையும் பரங்கிக்காயையும் இப்படி அழகு பாத்து நட முடியுமான்னு அண்ணன் அசந்து போயிட்டாரு. அதுல நேரம் போனது தெரியல, வெளிய வந்தப்போ மணி ஒண்ணே முக்கா. அதுக்கப்புறம் சாப்பாடு கிடைக்கறது குதிரைக்கொம்பு. பன்னெண்டு மணிலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள சாப்பிட்டா உண்டு, ரெண்டுக்கு மேல சமையல்கட்ட மூடிடுவாங்க, சின்ன ஊர் பேக்கரி மதியம் பூட்டிட்டு சாயங்காலம்தான் திறக்கும், அன்னிக்கு திங்கக்கிழமை வேற, பல கடை முழு நாளும் லீவு. கையில இருந்தது ரெண்டு வாழைப்பழமும் பாதி ரொட்டியும்.

அப்படியே வெறும் வயித்தோட லுவார் தென்கரைக்கு வந்து கரை மேல ஏறுனோம், ப்ரெஎமோன் ஊர் பக்கம் போற ரோடு. இந்த கரைய லெவேன்னு சொல்வாங்க, வெள்ளத்த தடுக்க போட்ட மண் அணை. பன்னெண்டாம் நூற்றாண்டுல இங்கிலாந்து ராஜா ஆன்ரி ப்ளான்தாஜெனே காலத்துலேர்ந்து போட ஆரம்பிச்சு, பதினாலாம் லூயி ராஜாவுக்கு கொல்பேர் மந்திரியா இருந்தப்போ உசத்தி, மறுபடி மறுபடி உசத்தி இப்போ பக்கத்து வயல விட ஆறேழு மீட்டர் உயரத்துல நிக்குது. 1856 வெள்ளத்துல மட்டும் நூத்துக்கும் மேல இடத்துல உடைஞ்சுது, பல ஊர் வீட்டு சுவத்துல வருஷம் போட்டு தண்ணி நின்ன உயரத்துக்கு கோடு கிழிச்சிருக்காங்க, நம்ம தலைக்கு மேல இருக்கும் அந்த கோடு. மேல நல்ல தார் ரோடு, வண்டியே கிடையாது, ஒரு பக்கம் மணல்திட்டோட அகலமா ஆறு, இன்னொரு பக்கம் தாழ்வா சோளக்காடும் வீட்டு கூரையும். போட்டோவுல பாத்தா இதுதான் சொர்க்கம், நானே அப்படி ஒரு போட்டோவ பாத்துட்டுத்தான் இந்த ரூட்ட எடுத்தேன்.

அங்க ஏறுன உடனே காத்து மூஞ்சியில அறைஞ்சுது. மேற்குலேர்ந்து, கடல்லேர்ந்து வர்ற காத்து, ஆத்து பள்ளத்தாக்கே அதுக்கு ஒரு குழாய் மாதிரி. உயரமான கரை மேல மரம் கிடையாது, வளைவும் கிடையாது, ஒதுங்க ஒரு சுவர் கூட இல்ல. மணிக்கு 20 கி.மீ வேகத்துல போறப்போ எதிர்காத்தும் 20 வேகத்துல அடிச்சா உடம்பு மேல காத்து 40ல படுது, அதோட அழுத்தம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். ஏத்தம்னா மேல போனதும் முடிஞ்சுடும், இறக்கத்துல கால விட்டுட்டு வரலாம், காத்துக்கு முடிவும் கிடையாது இறக்கமும் கிடையாது. நான் கோவத்துல முன்னாடி போயி இழுத்து இழுத்து மிதிச்சேன், அரை மணி நேரத்துல கால் கல்லாயிடுச்சு. அண்ணன் பக்கத்துல வந்து “டேய், காத்துகிட்ட கோவப்பட்டு என்ன ஆகப்போகுது, என் பின்சக்கரத்த ஒட்டியே வா”ன்னாரு. ரெண்டு பக்கமும் பை கட்டுன அவர் வண்டி நல்ல அகலம், பின்னாடி ஒட்டிப்போனா பாதி காத்து அடங்குது, அப்படியே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்தி மாத்தி, 14, 15 வேகத்துலதான் போனோம். ப்ரெஎமோன்ல கல்லறைத் தோட்டத்துல குழாய் இருந்துச்சு, பிரான்ஸ்ல தண்ணி எங்கயும் கிடைக்கலன்னா ஊர் கல்லறைத் தோட்டத்துல பாருங்க, செடிக்கு ஊத்த குழாய் வச்சிருப்பாங்க, குடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கான்னு மட்டும் பாத்துக்கணும். அங்க உக்காந்து மிச்ச ரொட்டிய தின்னுட்டு, தெற்கால திரும்பி அஸேக்கு போய் சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு, அண்ணன் முட்டி வீங்கிப்போச்சு.

இதுல எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம், இந்த காத்த இந்த ஊர்க்காரங்க நூத்துக்கணக்கான வருஷமா நல்லா தெரிஞ்சு வச்சு பிழைச்சிருக்காங்க. ரயில் வர்றதுக்கு முன்னாடி லுவார்ல அடி தட்டையான படகு ஓடுச்சு. கடல் பக்கம் போறப்போ ஆத்து ஓட்டத்தோட போயிடுவாங்க, மேற்க கடல்கிட்ட இருக்கற நான்த்லேர்ந்து உள்நாட்டு ஒர்லேயான் வரைக்கும் எதிர்நீச்சல்ல ஏறி வர்றதுக்கு சதுரமா பெரிய பாய் கட்டி இதே மேற்கு காத்துல வருவாங்க. உப்பு, சர்க்கரை எல்லாம் அப்படித்தான் உள்நாட்டுக்கு வந்துச்சு. ஆத்தோட போறதுதான் சுலபம்னு நாங்க நினைச்சோமே, படகுக்கு அது சரி, தண்ணி இழுத்துட்டு போகும். சைக்கிளுக்கு தண்ணி ஒண்ணும் பண்ணாது, புளுவாலேர்ந்து சோமூர் வரைக்கும் ஆறு மொத்தமா இறங்கறதே சுமார் 40 மீட்டர்தான், மிதிக்கறவனுக்கு அது தெரியக்கூட தெரியாது. நமக்கு பாய்மரக்காரன் கணக்குத்தான் பொருந்தும். தூருக்கு வர்ற பாரிஸ்-தூர் சைக்கிள் பந்தயம் இன்னொரு சாட்சி, 1896லேர்ந்து நடக்குது, பெரும்பாலும் சமதளம், 2015ல காத்து பின்னாடிலேர்ந்து தள்ளுச்சு, ஜெயிச்ச மத்தேயோ த்ரெந்தீன் 230 கி.மீக்கு மேல மணிக்கு 49.6 கி.மீ சராசரியில போனாரு. அவர் உலகத்தரமான வீரர்தான், ஆனா அந்த வேகத்துல காத்தோட பங்கும் இருக்கு.

ஆக நாலாவது நாள் சொதப்புனதுக்கு காத்து பாதி காரணம், மீதி நாங்களே பண்ணது. காலையில காத்து கம்மியா இருந்த நேரத்த தோட்டத்துல செலவு பண்ணிட்டு, மதியம் காத்து ஏறுன நேரத்துல கரைக்கு வந்தோம். சாப்பாட்டு நேரத்த தவற விட்டோம். எல்லாத்துக்கும் மேல, ஏத்தத்துக்கு பயந்து நிழலும் மறைப்பும் இருக்கற உள்வழிய விட்டுட்டு திறந்தவெளிய எடுத்தோம். வில்லாண்ட்ரிலேர்ந்து அஸேக்கு மேட்டு வழியா நேரா போனா 11 கி.மீ கிட்டதான். கரைய பாக்கணும்ன்ற ஆசை தப்பில்ல, அதை காலை எட்டு மணிக்கு பாத்திருக்கணும்.

அஞ்சாவது நாள் அதை சரி பண்ணி பாத்தோம். காலையில முதல் வேலையா அஸே அரண்மனை, 1518ல ஆரம்பிச்சது, ஆந்த்ர் ஆத்து நடுவுல தீவுல, தண்ணியில அதோட நிழல் விழுந்து கிடக்கும். பிரெஞ்சுல ஷாத்தோன்ற ஒரே வார்த்தைய ஷினோன் மாதிரி சண்டைக் கோட்டைக்கும் சொல்றாங்க, இது மாதிரி மாளிகைக்கும் சொல்றாங்க, நம்ம ஊர்ல ரெண்டுக்கும் தனித்தனி பேர் இருக்கறதால முதல்ல எனக்கு குழம்புச்சு. பதினோரு மணிக்கே ரொட்டி, சேன்த்-மோர் ஆட்டுப்பால் சீஸ், நடுவுல ஒரு வைக்கோல் குச்சி சொருகி உருளையா இருக்கும், தக்காளி எல்லாம் வாங்கி பையில போட்டுக்கிட்டோம். அப்புறம் ஆந்த்ர் ஆத்து தெற்குப் பக்கமா ரிவாரேன் வழியா போனோம். பேரிக்காய அடுப்புல காய வச்சு தட்டையா அமுக்கி விக்கற ஊரு அது, பழைய காலத்து கைத்தொழில், ஊர்க்காரங்க மறுபடி உயிர் குடுத்திருக்காங்க. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஆத்தோர மரம், மேல அதே காத்து சத்தம் போட்டுக்கிட்டு போகுது, கீழ எங்களுக்கு சட்டை கூட அசையல. உஸ்ஸே கோட்டை காட்டு ஓரத்துல கூர் கூரா நிக்கும், அது எதிர்ல பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டோம். கொஞ்ச தூரத்துல ஷினோன் அணுமின் நிலையத்துலேர்ந்து வெள்ளையா ஆவி எழும்புது, அதையும் சேத்துத்தான் இந்த பள்ளத்தாக்கு, போஸ்ட்கார்டுல அத காட்ட மாட்டாங்க. அப்புறம் மேடு ஏறி யூயிம் வழியா ஷினோன்ல இறங்குனோம். அன்னிக்கு ஏறுன மொத்த உயரம் முதல் நாள விட, நாலாவது நாள விட எல்லாம் அதிகம். அண்ணன் முட்டி பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

ஷினோன்ல கோட்டை மலை முதுகு நீளத்துக்கு கிடக்கு. 1189ல இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றி, அதாவது கரை போட ஆரம்பிச்ச அதே ஆன்ரி ப்ளான்தாஜெனே, இங்கதான் செத்தாரு, 1429ல ழான் தார்க், நாம ஜோன் ஆஃப் ஆர்க்னு சொல்ற பொண்ணு, பின்னாடி ராஜாவா முடிசூடுன ஏழாம் ஷார்ல வந்து பாத்தது இங்கதான். ஊர்லேர்ந்து மேல போக லிஃப்ட் இருக்கு, முட்டி வலிக்காரங்க அதை எடுத்துக்கங்க.

கடைசி நாள் 40 கி.மீ, ஆனா ஆறு நாள்லயே நிறைஞ்ச நாள். வியென் தென்கரையோடயே போயி காந்த்-சேன்-மார்த்தேன், வியென் லுவாரோட சேர்ற இடம், ரெண்டு தண்ணியும் கொஞ்ச தூரம் வேற வேற கலர்ல ஓடும். ஒட்டி மோன்சொரோ, ஆத்தங்கரையிலயே நிக்கற கோட்டை. அங்கேர்ந்து 4 கி.மீ மேடு ஏறுனா ஃபோந்தெவ்ரோ மடம், ஷினோன்ல செத்த அதே ஹென்றியும் மனைவி எலியனோரும் மகன் ரிச்சர்டும் கல்லுல படுத்திருக்காங்க, எலியனோர் கையில மட்டும் ஒரு புத்தகம் திறந்திருக்கு. 1804லேர்ந்து 1963 வரைக்கும் அந்த மடம் ஜெயிலா இருந்துச்சுன்னு தெரிஞ்சப்போ அண்ணன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் துர்க்கான், சூஸே. இங்க பாறை தூஃபோன்னு சொல்ற மிருதுவான வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல், இந்த கோட்டை எல்லாம் கட்டுனது இதுலதான், வெட்டுன குழியெல்லாம் வீடு, ஒயின் கிடங்கு, காளான் பண்ணைன்னு ஆயிடுச்சு. சூஸேயில சைக்கிள் பாதையே பாறைக்குள்ள பூந்து போகுது, பழைய குகைத் தெரு, உள்ள சில்லுனு, ஈரமண் வாசனை, நம்ம ஃப்ரீவீல் சத்தம் மட்டும் சுவத்துல பட்டு திரும்பி வரும். அங்க குகை ஓட்டல் ஒண்ணுல ஃபுவே சாப்பிட்டோம், அடுப்புலேர்ந்து எடுத்ததும் உப்பி நிக்கற குட்டி ரொட்டி, உள்ள வெள்ளை மொச்சை மாதிரி பீன்ஸும் பூண்டு வெண்ணெயும் வச்சு. அசைவம் வேணாம்னா இது தாராளமா வயிறு நிறைக்கும்.

சோமூர் ஸ்டேஷன்ல டிக்கெட் எடுத்து தூர் பக்கம் போற ரயில்ல ஏறுனோம், இந்த லைன்ல சைக்கிள மாட்ட கொக்கி வச்ச பெட்டி இருந்துச்சு. நீங்க போற நாளுக்கு சைக்கிளுக்கு இடம் பதியணுமான்னு முன்னாடியே பாத்துக்கங்க, வேக ரயில்னா சிலதுல கழட்டி பையில போட்டாத்தான் ஏத்துவாங்க. மூணு நாள் மிதிச்சு வந்த தூரத்த ரயில் முக்கா மணி நேரத்துல தாண்டுது. லாஞ்ஜே கிட்ட வர்றப்போ ஜன்னல் வழியா பாத்தா பாப்லர் மரமெல்லாம் கிழக்கால சாஞ்சு சாஞ்சு ஆடுது, நாங்க இப்போ போற திசையில. அண்ணன் அதையே பாத்துட்டு இருந்துட்டு நோட்ட எடுத்து கடைசி பக்கத்துல “நான்த்லேர்ந்து ஒர்லேயான், மே மாசம்”னு எழுதி என் பக்கம் நீட்டுனாரு, “முதல்ல நல்ல டயர் வாங்கு, 32க்கு கம்மியா வேணாம்”னாரு.